துடைக்காத கன்று

தனக்கொடிக்கு அந்த மாட்டைக் கண்டாலே ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். புருஷன் வேலுமயில் கட்டினவளிடம் பேசியதைவிடச் சிவலையிடம் பேசியதுதான் அதிகம் என்றால் யாருக்குத்தான் எரியாது? ஒருநாள் கழுநீர் வாளியில் அவள் யூரியாவைக் கலந்து வைத்ததுதான் தெருவுக்கும் தெரியாது. வயிற்று உப்புசத்தில் சிவலை செத்துப்போனதாக எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வேலுமயில் விடவில்லை. செத்த மாட்டின் காதுத்தோலைத் தூக்கிக்கொண்டு, அதே மாட்டை மறுபடி பிறக்கவைக்கும் கரு நிலையத்துக்கு ஓடினான். தோலின் செல்லில் இருக்கும் மாட்டின் பழைய நினைப்பையெல்லாம் துடைத்த பிறகுதான் அங்கே கருவாக்குவார்கள். இவர் பெரிய புத்திசாலி! “துடைக்காதீங்க சார், என்னை மறந்துடும்” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான்.

இன்று காலை, பால்குடி மறந்த கன்றாக அது வண்டியிலிருந்து இறங்கியது. நேராக அவனிடம் ஓடிக் கையை நக்கியது. தெருவே கைதட்டியது.

“உன் சக்களத்தி திரும்பி வந்துட்டாடி, தண்ணி காட்டு!” என்றாள் பக்கத்து வீட்டு அமராவதி.

தனக்கொடி கழுநீர் வாளியை நீட்டினாள். சத்தியமாக இன்று அதில் ஒன்றுமில்லை. கன்று வாளியை முகர்ந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு கால்கள் வெடவெடக்க வேலுமயிலின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது.

சிரிப்புச் சத்தம் நின்றது. 

“நல்ல தண்ணிதாங்க, இதோ பாருங்க!” என்று தனக்கொடி வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தே காட்டினாள்.

வேலுமயில் அவளையே பார்த்தான்.

“நான் ஒண்ணும் கேக்கலியே, கொடி.”