இரண்டாவது டம்ளர்

என் மனைவி நித்திலா இறந்த பிறகும் மெஷின் இரண்டு டம்ளர் காபி போட்டது. கம்பெனியை அழைத்து, ஒன்றாக மாற்றச் சொன்னேன்.

"ஒன்னா மாத்தினவங்க கொஞ்ச நாள்ல காபியையே விட்டுடறாங்க சார், எங்க ஆய்வுல தெரிஞ்சது. ரெண்டாவதைக் குடிக்க ஆள் அனுப்பறோம்," என்றாள் அங்கிருந்த பெண்.

மறுநாள் காலை ஒருவர் வந்தார்.

"எதிர் பிளாக் தனசேகரன். நானும் தனிக்கட்டைதான். நாளைக்கு என் வீட்டு ரெண்டாவது டம்ளருக்கு நீங்க வரணுமாம் தம்பி. நல்லா வேலை வாங்கறானுங்க!"

நித்திலாவின் நாற்காலியை இழுத்தார்.

"அது வேணாம் சார். என்னோடதுல உட்காருங்க."

வீட்டில் இரண்டே நாற்காலிகள். அவளுடையதில் முதல்முறையாக நான் உட்கார்ந்தேன்.

தினமும் ஜன்னலைப் பார்த்தபடிதான் காபி குடித்திருக்கிறேன். அவள் இடத்திலிருந்து ஜன்னல் தெரியவில்லை. என் நாற்காலி மட்டும்தான் தெரிந்தது.