மூன்று டிகிரி

"ஷெட்டுல கடைஞ்ச செம்பு, ஜெர்மன் சரக்கோட மோதப் போகுதாக்கும்," என்று மனைவி டெஸ்ஸைச் சீண்டினான் ரோவன்.

கம்ப்யூட்டர் பிராசஸரைத் தண்ணீரால் குளிரவைக்கும் வாட்டர் பிளாக்குகளை ஒப்பிட்டு வீடியோ போடுகிறவன் அவன். டவுன்ஸ்வில் வெயிலில், டெஸ் கடைந்த செம்பு பிளாக்கையும் ஜெர்மன் பிளாக்கையும் அவனே மாறி மாறி மாட்டி ஓடவிட்டான்.

டெஸ் செய்ததில் பிராசஸர் மூன்று டிகிரி கூடுதலாகச் சுட்டது.

"தோத்துட்டேன், விடு," என்றாள்.

"மூணே டிகிரிதானே. முதல் தடவைக்கு இதுவே பெருசு," என்றபடி அதைக் கழற்றியவன் அதன் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தான்.

"என்னாச்சு?"

"கீறல் விழாம இருக்க அடியில நீ ஒட்டின பிளாஸ்டிக் தாள்... அதை உரிக்காமலே மாட்டித் தொலைச்சிருக்கேன்."

"சூட்டுக்கும் செம்புக்கும் நடுவுல பிளாஸ்டிக் இருந்துமா மூணே டிகிரி?"

ரோவன் தன் சொந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து, அதிலிருந்த ஜெர்மன் பிளாக்கைக் கழற்றத் தொடங்கினான்.