வலதுபக்கக் கார்பன்

"இது சரியாகாதுன்னு சொல்லிருங்கண்ணே."

நளினி குரலைத் தாழ்த்திச் சொன்னதும், வாஷிங் மிஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்த புனிதன் நிமிர்ந்து பார்த்தான்.

அவள் கணவர் குகனேஸ்வரன் முன்னறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு வழக்கு பார்க்கும் கிராணி அவர். கோயில் கமிட்டித் தலைவரும்கூட. தானா ராத்தா டவுனில் இருக்கும் புனிதனின் கடைக்குக் காலையிலிருந்து விடாமல் போன் போட்டு, மழையென்றும் பாராமல் அவனைத் தோட்டத்துக்கு வரவழைத்தவர் அவர்தான்.

"ஏம்மா, புதுசு வேணும்னு கேட்டுப் பாத்தியா?" என்றான் புனிதன்.

அவள் ஸ்வெட்டரின் கையை விரல்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். புனிதன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பழையது செத்தால்தான் புதுசு வீட்டுக்கு வரும் என்று கணக்குப் போடும் வீட்டுக்காரிகளை அவன் நிறையப் பார்த்தவன்.

போனை வைத்துவிட்டுக் குகனேஸ்வரன் வந்தார். கையில் அவனுக்குத் தேநீர்.

"என்னங்க புனிதன், மோட்டாரே ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"தண்ணி இறங்குது, டிரம் மட்டும் சுத்தல ஐயா. பெல்ட் நல்லா இருக்கு. கையால தள்ளினா டிரம்மும் லேசா சுத்துது. அப்ப கோளாறு மோட்டார்லதான் லா."

"எப்படியாவது ஓட வச்சுருங்க. இந்தக் குளிர்ல கையால துவைச்சுத் துவைச்சு, பாவம், அவ கையெல்லாம் வெடிச்சுப்போச்சு."

நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டே புனிதன் பெல்ட்டைக் கழற்றினான். மோட்டாரை வெளியே எடுத்துத் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் வைத்து மீட்டரால் சோதித்தான். கரண்ட் போகிற வழி எங்கோ அறுந்திருந்தது.

"உள்ள ரெண்டு பக்கமும் சின்னக் கார்பன் கட்டி இருக்கும். அது வழியாத்தான் சுத்துற பாகத்துக்குக் கரண்ட் போகும். தேஞ்சுபோனா மோட்டார் நின்னுரும்," என்று சொல்லியபடியே இடதுபக்கக் கார்பனை உருவினான். அது பாதிகூடத் தேய்ந்திருக்கவில்லை.

வலதுபக்கத்தைத் திறந்தான். கூடு காலியாக இருந்தது.

தேய்ந்து உடைந்திருந்தால் கரித்தூளாவது கொட்டிக் கிடக்க வேண்டும், ஸ்பிரிங்காவது மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. திருகாணியின் தலையில் மட்டும், கத்தி முனையால் திருகியதுபோல் புதுக் கீறல்.

நளினி கெஞ்சியது நினைவுக்கு வந்ததும் புனிதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயா, இது தானாப் போகல. யாரோ கழட்டி எடுத்திருக்காங்க. அம்மாவுக்குப் புது மிஷின் ஆசை போல."

குகனேஸ்வரனும் சிரித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "அப்படியா நளினி?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

அடுப்படியில் ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டது.

"விடுங்க ஐயா. புது ஜோடி எங்கிட்டயே இருக்கு," என்றான் புனிதன். கார்பன் உரசும் செப்பு வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இரண்டு பக்கமும் புதுக் கார்பன் மாட்டி, மோட்டாரை ஏற்றி, பெல்ட்டைப் போட்டு, வெறும் டிரம்மை ஓட்டிப் பார்த்தான். டிரம் வேகம் பிடித்ததும் மிஷின் தடதடவென்று ஆடியது. சன்னல் கண்ணாடிகள்கூட அதிர்ந்தன.

"கால் ஒண்ணு உயரமா இருக்கு. சமம் பண்ணிட்டா இவ்ளோ சத்தம் வராது."

"பரவால்ல. அது அப்படியே இருக்கட்டும்," என்றார் குகனேஸ்வரன்.

மிஷினை நிறுத்திவிட்டுப் புனிதன் சாமான்களை எடுத்து வைத்தான். விடைபெறும்போது நளினி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குகனேஸ்வரன்தான் குடை பிடித்து அவனைப் பைக் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. துவைக்காத துணி குவிந்து கிடக்கும் போல என்று நினைத்தபடி புனிதன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான்.

கிராணி வீட்டோடு ஒட்டியிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். வரும்போது அவனுக்கு வழி காட்டிய மோகனா.

"அண்ணே, மிஷின் ஓடுதே. சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு. பெரிய கோளாறு ஒண்ணும் இல்ல. அந்தம்மாதான் ஒரு பக்கத்துக் கார்பனைக் கழட்டி ஒளிச்சிருக்கு போல. அவருகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."

மோகனா அப்படியே நின்றுவிட்டாள்.

"அவருகிட்டயே சொல்லிட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

"சத்தம் வெளிய கேட்டா மரியாதை போயிருமேன்னு, மிஷினை ஓடவிட்டுத்தாண்ணே அவரு அவளை அடிப்பாரு. அது நின்ன நாளா அவ மேல ஒரு அடி விழல."

புனிதன் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் கதவைத் தட்டினான். மிஷின் போட்ட இரைச்சலில் அது உள்ளே கேட்டதாகவே தெரியவில்லை.