எண்பத்தேழு நிமிடம்

படகு கரையைத் தொட்டதும் ஆய்வதிகாரி தன் கைக்கடிகாரத்தின் பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

எண்பத்தேழு நிமிடம்.

அவருக்கு உண்மையிலேயே மனசு சங்கடமாகப் போய்விட்டது.

தீவிலிருந்து பெரியாஸ்பத்திரி இருக்கும் கரைக்கு ஒரு நோயாளியைக் கொண்டு வரத் தொண்ணூறு நிமிடமோ அதற்கு மேலோ ஆனால், மத்திய அரசு தீவுக்கு மருத்துவப் படகு ஒன்றை இலவசமாகத் தரும். அதற்குக் குறைந்தால் வாழ்த்துக் கடிதம் தரும்.

தலைநகரில் ஏழெட்டுப் பேர் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட விதி. அவர்களில் ஒருவருக்குக்கூட நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்ணால் பார்த்து எழுதத்தான் இன்றைக்கு இந்த ஒத்திகை.

படகு என்றாலே குமட்டும் என்பதால் ஆய்வதிகாரி தீவுக்குப் போகவில்லை. மற்றபடி அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. காலையிலிருந்து படகுத்துறைப் படிக்கட்டின் உச்சியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்தார்.

படகு புறப்படும்போது ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று தீவுக்காரர்களிடம் சொல்லியிருந்தார். அவர்கள் ஒன்பது முறை அடித்தார்கள். ஆர்வக்கோளாறு. முதல் அழைப்புக்குக் கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டு, போனை சைலண்டில் போட்டார்.

நடுவில் ஆஸ்பத்திரி வேன் ஒன்று வேறு வந்து நின்றது. ஒத்திகை படகுத்துறையோடு முடிகிறது, அதற்கு மேல் விதியில் இடமில்லை என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அரசாங்க டீசல் வீணாகக் கூடாது பாருங்கள்.

படகு நூறடி தூரத்தில் வரும்போதே தீவின் நர்ஸ் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"யோவ் குடை! வண்டி எங்கய்யா?"

'யோவ்' அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பெரிய மனசு பண்ணி, படிவத்தில் 'ஒத்திகையில் ஈடுபாடு' என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று போட்டார்.

இப்போது நர்ஸும் படகோட்டியும் நோயாளி கிடந்த பலகையை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அலை தெறிக்காமல் இருக்க மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தது. மூச்சு வாங்குவதில் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

ஆய்வதிகாரி உச்சிப் படியில் குறுக்கே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"மூணே மூணு நிமிஷம்தான்மா கம்மி. நான் எதையும் பார்க்கல. திரும்பிப் போய்க் கொஞ்சம் மெதுவா வாங்க. படகு உங்களுக்குத்தான்."

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் யாருக்காகவும் இவ்வளவு வளைந்து கொடுத்ததில்லை. நன்றி வரும் என்று காத்திருந்தார்.

"வழியை விடுறா" என்றான் படகோட்டி.

வந்ததே கோபம். நல்லதுக்குக் காலமில்லை என்று ஃபைலைப் பிரித்தார். விதி என்றால் எல்லா விதியும்தான். ஒத்திகை நோயாளியின் பெயரும் வயதும் புகைப்படமும் முன்கூட்டியே தலைநகருக்குப் போய் ஒப்புதல் வாங்கி வந்திருந்தன. தீவின் டீக்கடைக்காரர், வயது ஐம்பத்திரண்டு, அடர்ந்த மீசை.

ஒப்பிட்டுப் பார்க்கத் தார்ப்பாயின் நுனியைத் தூக்கினார்.

மீசை இல்லை.

இருபது, இருபத்தொரு வயதுப் பெண். உதடு காகிதமாக வெளுத்திருந்தது. கண் பாதி செருகியிருந்தது.

"ஆள்மாறாட்டம்!" என்றார், ஏறக்குறைய சந்தோஷமாக.

"ஆமாய்யா. டீக்கடை அண்ணன் மீசைக்கு மை தடவிக்கிட்டு அங்கேயே கரையில நிக்கிறாரு. இவளுக்குப் பிள்ளை குறுக்க கிடக்கு, காலையிலேருந்து ரத்தம் நிக்கல. ஓட்டிக்கிட்டு வந்தவன் இவ புருஷன். அவனையா மெதுவா வரச் சொல்ற?" என்றாள் நர்ஸ்.

ஆய்வதிகாரியின் டிரைவர் அதற்குள் காரின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. பலகையிலிருந்து அவளை அள்ளிச் சீட்டில் கிடத்துவதற்கு அவரும் ஒரு கை கொடுத்தார்.

"அது அரசு வாகனம்..." என்று ஆய்வதிகாரி ஆரம்பிப்பதற்குள் கார் போய்விட்டது. புழுதி மட்டும் நின்றது.

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். படிவத்தில் கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி இருந்தது.

'நோயாளியின் தற்போதைய நிலை.'

எப்படியும் ஒத்திகை நோயாளிதானே என்று, அதில் 'நலம்' எனத் தலைநகரிலேயே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.