ஒன்பது யாருடையது

பட்டைகளில் பெயர் எழுதியது நான்தான். கையைத் துடைக்கிறேன் என்று ஸ்பிரிட் பஞ்சால் அந்தப் பெயர்களையும் சேர்த்துத் துடைத்ததும் நானேதான். எது யாருடையது என்று தெரியாமலேயே இரண்டு பெண்களின் கையிலும் ஒட்டிவிட்டேன். ‘துணைப் பயிற்சியாளர்’ என்று என் சட்டையில் எழுதியிருப்பது மட்டும் அழியவில்லை.

ஓட ஓட உடம்பில் ஏறும் லாக்டேட் என்ற களைப்பு அமிலத்தின் அளவை அந்தப் பட்டை என் போனுக்கு அனுப்பும். அளவு குறைவாக இருப்பவளிடம் இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மாநிலப் போட்டிக்கு அவள் போவாள், மற்றவள் வீட்டுக்குப் போவாள். பேச்சியம்மாளும் ரெனிட்டாவும் இருபத்தைந்து சுற்றையும் ஒன்றாகவே முடித்தார்கள். ஓட்டம் முடிந்ததும் பட்டைகள் தாமாக அணைந்துவிட்டன; போனில் நின்ற கடைசி அளவில் ஒரு பட்டை நான்கு என்றது, இன்னொன்று ஒன்பது என்றது.

இருவருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது. முகத்தைப் பார்த்தேன், கெண்டைக்காலைப் பார்த்தேன், ஜோசியக்காரனைப் போல உள்ளங்கையைக்கூடப் பார்த்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு போனை அவர்கள் முன்னால் நீட்டினேன்.

“ஒங்கள்ல ஒன்பது யாரும்மா? யாருக்குக் களைப்பா இருக்கு?”

“எனக்கு இல்லண்ணே,” என்றார்கள் இருவரும். தேர்வு நாளில் எந்த ஓட்டக்காரி களைப்பை ஒத்துக்கொள்வாள்?

பெரிய கோச் பெயர் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று நான் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, ரெனிட்டா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“ஒன்பது நாந்தாண்ணே. பதினெட்டாவது சுத்துலயே கால் கல்லாயிட்டு. அவ இன்னும் பத்து சுத்து ஓடுவா. அவ பேரச் சொல்லுங்க.”