மேல் வீட்டுச் சத்தம்

மேல் வீட்டில் ஆரம்பித்துவிட்டது. தொம். தொம் தொம். கொஞ்சம் நிறுத்தம், மறுபடி தொம்.

சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மெஷின் ஓடாதபோது சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

மேலே அந்த ஜோடி குடிவந்ததிலிருந்து தினமும் இதே கதைதான். அந்த ஆள் வேலை முடிந்து வருவான், காபி குடிக்கிற நேரம் ஆகும், உடனே இது தொடங்கும். அடி தாறுமாறாக விழுந்தால்கூட ஏதோ ஆத்திரம் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இது நிதானமாக, கணக்கு வைத்துக்கொண்டு விழுகிற மாதிரி இருந்தது.

"கேக்குதா?" என்றாள், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம்.

அவருக்கும் கேட்டது. கேட்டதால்தான் டிவி சத்தத்தைக் கூட்டினார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ உன் வேலையைப் பாரு."

எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம் காலையில் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருந்தாள். டீச்சரம்மாவுக்கும் கேட்கிறதாம். ஆனால் காலம் கெட்டுக் கிடக்கிறதாம், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்றாள். பக்கத்து வீட்டு வக்கீலுக்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லையாம். சட்டம் படித்தவர்களுக்குக் காது அப்படித்தான் அமையும் போலிருக்கிறது.

போன வாரம் மேல் வீட்டுப் பெண்ணைப் படிக்கட்டில் பார்த்தபோது வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, சுளுக்கு என்று சொல்லிச் சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொம். தொம் தொம்.

இப்போது அந்த ஆளின் குரலும் கேட்டது. நல்ல கட்டைக்குரல். "தப்பு. மறுபடியும் தப்பு. கையை எடுக்காத."

"முடியல. வலிக்குது" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

தையல்காரி எழுந்துவிட்டாள். புருஷன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள். கத்தரிக்கோலைக் கையோடு கொண்டுவந்துவிட்டதைப் பாதிப் படியில்தான் கவனித்தாள். வைத்துவிட்டு வரலாம் என்று இறங்கினால் தைரியமும் கூடவே இறங்கிவிடும். அப்படியே ஏறினாள்.

ஏற ஏறத்தான் பயம் வந்தது. நாம் பாட்டுக்குக் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். கதவைச் சாத்தியதும் அந்தக் கோபமும் அவள் முதுகில்தானே விழும்? கேட்காமல் போய், நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? கதவைத் தட்டினாள்.

அந்த ஆள்தான் திறந்தான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. நான் பாக்கணும்."

அவன் கத்தரிக்கோலைப் பார்த்தான். ஒதுங்கி வழி விட்டான்.

அறையில் நீளமாக, பாட்டு வாசிக்கிற ஒரு கறுப்புக் கீபோர்டு. அதன் முன்னால் அந்தப் பெண், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லேப்டாப். திரையில் கலர் கலராகக் கட்டங்கள் மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது.

ஆளைப் பார்த்ததும் அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்ற, தையல்காரி இழுத்தாள். "கீழ… சத்தம் கேட்டுச்சு. அதான்…"

அந்தப் பெண் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டை அழுத்தினாள். ஒரு பாட்டு, நடை பழகும் குழந்தை மாதிரி தடுமாறித் தடுமாறி வந்தது. வயரை மறுபடி மாட்டி அதையே வாசித்தாள். பாட்டு போய்விட்டது. தொம், தொம் தொம் மட்டும் மிச்சம் இருந்தது.

"சாப்ட்வேர் வெச்சு நானே பியானோ கத்துக்கறேன்க்கா. யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான் ஹெட்போன் மாட்டிக்கறேன். அழுத்தற சத்தம் தரை வழியா கீழ வரும்னு தெரியாம போச்சு."

"திரையில சிவப்பு விழுந்தா தப்புன்னு நான்தான் சொல்லணும். இவ காதை அடைச்சுக்கிட்டு உக்காந்துக்கறா. கத்தினாத்தான் கேக்குது" என்றான் அந்த ஆள். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருக்காதா பின்னே?

கையில் கட்டு எதற்கு என்றும் அவளே சொன்னாள். எதை எப்போது அழுத்த வேண்டும் என்று அந்த சாப்ட்வேர் சொல்லிவிடுமாம். மணிக்கட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லாதாம். ஒரு மாதமாக வளைத்து வைத்து வாசித்ததில் வீங்கிவிட்டதாம்.

"உங்க வீட்டுக்காரரை நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"வீட்டுக்காரர் இல்லக்கா. எங்க அண்ணன்."

தையல்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தரிக்கோலைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். மன்னித்துக்கொள்ளச் சொல்லி இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சிவிட்டு, விட்டால் போதும் என்று வெளியே வந்தாள். நாளைக்கு இந்த டீச்சரம்மா முகத்தில் எப்படி முழிப்பது?

இரண்டு படி இறங்குவதற்குள் பின்னாலேயே அந்தப் பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்குக்கா மன்னிப்புக் கேக்கறீங்க? புருஷனோட நான் இருந்த வீட்டுல விழுந்ததெல்லாம் நெஜ அடி. அங்கயும் சுத்தி வீடுங்கதான். ஒருத்தர்கூட வந்து கதவைத் தட்டலை."