சோலார் பலகைக்கு ஒரு புகைபோக்கி

மொட்டை மாடிக்குப் புதிதாக வந்த சோலார் பலகைக்கு ஒரே பூரிப்பு. வெயில் கொளுத்துகிறது, ஒயரும் மாட்டியாகிவிட்டது. அனுமதிச் சீட்டில் முத்திரை விழுந்தால், கீழே சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கிவிடும். காக்காயிடம் மனுவைக் கொடுத்து எதிரே இருந்த மின்வாரிய ஆபீசுக்கு அனுப்பியது.

காக்காய் போன வேகத்தில் மனுவோடு திரும்பியது. "முத்திரை ஐயா குத்த மாட்டேங்கிறாரு. கரண்ட் தயாரிக்கிறவங்க எல்லாரும் புகைபோக்கி உயரம் எழுதணுமாம். நீ அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டியாம்."

"எனக்குத்தான் புகையே வராதே!"

"அதையும் சொன்னேன். வராத புகை எத்தனை அடி உயரத்துல வராதுன்னு கேக்குறாரு."

கீழேயிருந்து ஃப்ரிட்ஜ் அலறியது. "அண்ணே, சீக்கிரம்! இட்லி மாவு பொங்குது!"

பதறிப்போன பலகை, மூலையில் கிடந்த மூன்று தகர டிரம்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கவைத்தது. மனுவில் 'ஒன்பது அடி' என்று எழுதி அனுப்பியது. முத்திரை உடனே 'டப்' என்று விழுந்தது.

காக்காய் அனுமதியோடு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. டிரம்களின் நிழல் பலகையை முழுசாகப் போர்த்தியிருந்தது. கரண்ட் துளிகூட இல்லை.

"டிரம்மை இறக்கிடலாமா?" என்றது பலகை.

"இறக்கினா அனுமதி ரத்தாம். சீட்டுக்குப் பின்பக்கம் போட்டிருக்கு."

கீழே மாவு, ஃப்ரிட்ஜ் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.